கேமராவுக்கு எந்த மெமரி கார்டு? பெரிய எண்ணை விட்டுவிட்டுச் சின்ன எண்ணைப் பாருங்கள்

கேமரா வாங்கும்போது பாடி எது, லென்ஸ் எது என்று நாள்கணக்கில் அலசுகிறோம். மெமரி கார்டு என்று வந்ததும் அந்த நிதானம் போய்விடுகிறது. உறையின் மேல் 200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது நல்ல கார்டு, 100 என்று போட்டிருந்தால் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தக் கொட்டை எழுத்து எண் பெரும்பாலும் கார்டில் இருக்கும் படங்களைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது கிடைக்கும் வேகம், அதாவது படிக்கும் வேகம். நாம் படம் எடுக்கும்போது கேமரா செய்வதோ கார்டில் எழுதும் வேலை. அதற்கு உத்தரவாதம் தரும் எண் அதே கார்டின் மேல் ஓரமாக, பொடி எழுத்தில் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி கேமராவின் ஸ்லாட்டைப் பற்றியது என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஸ்லாட்டில் எது போகும்?

கேமராவின் மூடியைத் திறந்து பாருங்கள். பத்தில் எட்டு ஒன்பது கேமராக்களில் இருப்பது எஸ்டி ஸ்லாட்தான். 32 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம், ஒரு மூலை வெட்டிவிட்ட அந்தச் சின்னக் கார்டை 1999இல் மட்சுஷிதா (இன்றைய பானசோனிக்), சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்தன. அதற்கு முன்னும் பின்னும் வந்த போட்டிக் கார்டுகள் பல. 1994இல் காம்பாக்ட் ஃபிளாஷ், 1995இல் ஸ்மார்ட்மீடியா, 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக், 2002இல் ஒலிம்பஸும் ஃபுஜிஃபிலிமும் கொண்டுவந்த எக்ஸ்டி பிக்சர் கார்டு. ஒவ்வொன்றுக்கும் வடிவம் வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. 2010இல் சோனியும் தன் கேமராக்களில் எஸ்டி கார்டை ஏற்றுக்கொண்டதும் போட்டி அநேகமாக முடிந்துபோனது. வீட்டில் கிடக்கும் பழைய கேமராவைத் தூசு தட்டி எடுக்கிறீர்கள் என்றால் மட்டும் இந்தப் பழைய பெயர்கள் தேவைப்படும். அதன் ஸ்லாட்டுக்குப் பக்கத்திலோ மேனுவலிலோ பெயர் இருக்கும், அதை அப்படியே தேடி வாங்குங்கள். காம்பாக்ட் ஃபிளாஷ் ஸ்லாட்டுக்குள் 50 ஊசி முனைகள் நிற்கும். கார்டைக் கோணலாக அழுத்தினால் ஒன்றிரண்டு வளைந்துவிடும். நேராக, மெதுவாகச் செருகுங்கள்.

ஆக்‌ஷன் கேமராக்களிலும் ட்ரோன்களிலும் இருப்பது விரல் நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்டி. இதை ஒரு அடாப்டரில் போட்டு எஸ்டி ஸ்லாட்டிலும் பயன்படுத்தலாம், வேலை செய்யும். ஆனால் பெரிய ஸ்லாட் உள்ள கேமராவுக்கு என்றே வாங்குகிறீர்கள் என்றால் முழு அளவு எஸ்டி கார்டாகவே வாங்கிவிடுங்கள் என்பேன். அடாப்டர் என்றால் இடையில் இன்னொரு ஜோடி உலோகத் தொடர்புகள். அதில் அழுக்கு சேரலாம், தளரலாம். தேவையில்லாத ஒரு கண்ணியை நாமே ஏன் சேர்க்க வேண்டும்?

விலை கூடிய கேமராக்களில் சிஎஃப் எக்ஸ்பிரஸ் இருக்கும். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் பெயர் ஒன்று, அளவு மூன்று. டைப் ஏ மிகச் சிறியது, எஸ்டி கார்டைவிடவும் கொஞ்சம் சின்னது. சோனி கேமராக்களில் அதைப் பார்க்கலாம். 2020இல் வந்த ஆல்ஃபா 7எஸ் 3 அந்த வகையை முதலில் கொண்டுவந்தது. அதன் ஸ்லாட்டில் எஸ்டி கார்டும் போகும், டைப் ஏ கார்டும் போகும் என்பது நல்ல ஏற்பாடு. டைப் பி கொஞ்சம் பெரியது, தடிமனானது. நிக்கான், கேனன் ஆகியவற்றின் மேல்நிலைக் கேமராக்களில் இருப்பது இதுதான். எக்ஸ்க்யூடி என்ற முந்தைய கார்டும் இதுவும் ஒரே அளவு. அதனால்தான் 2018இல் எக்ஸ்க்யூடி ஸ்லாட்டோடு வந்த நிக்கான் இசட்6, இசட்7 கேமராக்கள் பிறகு ஃபர்ம்வேர் அப்டேட் (கேமராவின் உள் மென்பொருளைப் புதுப்பிப்பது) மூலம் டைப் பி கார்டையும் ஏற்கத் தொடங்கின. டைப் சி என்று மூன்றாவதும் உண்டு, ஸ்டில் கேமரா வைத்திருப்பவர் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். கடையில் 'சிஎஃப் எக்ஸ்பிரஸ் கொடுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். ஏயா பியா என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

ஒரு எஸ்டி கார்டைக் கையில் எடுத்துப் படிப்போம்

நடுத்தரமான ஒரு எஸ்டி கார்டு. முகப்பில் 64 ஜிபி, அதற்குப் பக்கத்தில் எஸ்டிஎக்ஸ்சி, ஒற்றை நேர்கோடு, ஆங்கில யூ எழுத்துக்குள் 3, அப்புறம் வி30. இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக 200.

எஸ்டிஎக்ஸ்சி என்பது கொள்ளளவுக் குடும்பத்தின் பெயர். வெறும் எஸ்டி என்றால் 2 ஜிபி வரை. எஸ்டிஎச்சி என்றால் 32 ஜிபி வரை. எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல் 2 டெராபைட் வரை போகும். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வடிவம், ஆனால் உள்ளே ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை மாறும். எஸ்டிஎச்சி கார்டு ஃபேட்32 முறையில் இயங்குவது, எஸ்டிஎக்ஸ்சி எக்ஸ்ஃபேட் முறையில். இதனால் இரண்டு விளைவுகள். புதிய கேமராவில் பழைய கார்டு வேலை செய்யும், ஆனால் எஸ்டிஎச்சி காலத்துக் கேமராவில் 64 ஜிபி கார்டைப் போட்டால் பெரும்பாலும் ஏற்காது. மேனுவலில் எஸ்டிஎக்ஸ்சி என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 32 ஜிபியோடு நின்றுவிடுங்கள். இன்னொன்று, ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் 32 ஜிபி கார்டில் நீளமான வீடியோ எடுத்தால் கேமரா அதைத் துண்டு துண்டாகச் சேமிக்கும். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், துண்டுகளை எடிட்டிங்கில் வரிசையாக ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்து அந்த ஒற்றை நேர்கோடு. அது ரோமன் எண் ஒன்று, அதாவது யூஎச்எஸ்-1. இரண்டு கோடு இருந்தால் யூஎச்எஸ்-2. இது கார்டுக்கும் கேமராவுக்கும் இடையே உள்ள பாதையின் அகலம். யூஎச்எஸ்-1இல் உச்ச வரம்பு நொடிக்கு 104 மெகாபைட், யூஎச்எஸ்-2இல் 312. எழுத்து அழிந்துபோயிருந்தாலும் கார்டைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். யூஎச்எஸ்-1 கார்டின் பின்பக்கம் பொன்னிறத் தகடுகள் ஒரு வரிசை, யூஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இன்னொரு வரிசை. கூடுதல் வேகம் அந்த இரண்டாவது வரிசை வழியாகத்தான் வருகிறது. உங்கள் கேமரா ஸ்லாட்டுக்குள் அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் முனைகள் இல்லையென்றால் யூஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் அது யூஎச்எஸ்-1 வேகத்திலேயே ஓடும். கெடுதல் ஒன்றுமில்லை, கொடுத்த கூடுதல் பணம்தான் வீண்.

இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். பாதையின் வரம்பே 104 என்றால் கார்டின் மேல் 200 எப்படி வந்தது? சில தயாரிப்பாளர்கள் யூஎச்எஸ்-1 வரம்பைத் தாண்டத் தங்களுக்கென்று ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் கார்டு ரீடரில் செருகினால் அந்த 200 கிடைக்கும். கேமராக்கள் பொதுவாக அந்த வழியில் பேசுவதில்லை. ஆகவே கேமராவுக்குள் அந்தக் கார்டு மற்ற யூஎச்எஸ்-1 கார்டுகளைப் போல 104க்குள்தான் அடங்கும். எண் பொய்யில்லை, படம் எடுக்கும் நேரத்தில் அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பவைதான் நமக்கு வேண்டிய பொடி எழுத்துகள். வி30 என்றால் எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுதினாலும் நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற உத்தரவாதம். வி60, வி90 என்றால் 60, 90. யூ எழுத்துக்குள் இருக்கும் 3 சொல்வதும் அதே 30தான். யூவுக்குள் 1 என்றாலும், வட்டத்துக்குள் 10 என்றாலும் 10 மெகாபைட். மற்ற எண்கள் எல்லாம் 'இவ்வளவு வரை போகும்' என்பவை. இவை மட்டும்தான் 'இதற்குக் கீழே வராது' என்று சொல்பவை. ஏ1, ஏ2 என்று ஒரு குறியும் பார்த்திருப்பீர்கள். அது போனில் ஆப்களை ஓட்டுவதற்கானது, கேமராவுக்கு அதனால் லாபமில்லை.

ஃபோட்டோ எடுப்பவருக்கு எழுதும் வேகம் எங்கே இடிக்கும்?

ஒவ்வொன்றாக நிதானமாகப் படம் எடுப்பவருக்கு எங்குமே இடிக்காது. நிலக்காட்சி, வீட்டு விசேஷம், குழந்தை படம், எதுவானாலும் இரண்டு கிளிக்குக்கு நடுவில் சாதாரணக் கார்டும் எழுதி முடித்துவிடும். இவர்களுக்கு நல்ல பெயருள்ள ஒரு யூஎச்எஸ்-1, வி30 கார்டு போதும், மேலே போக வேண்டிய அவசியமே இல்லை. பறக்கும் பறவையையும் ஓடும் ஆட்டக்காரரையும் பட்டனை விடாமல் அழுத்தித் தொடர்ச்சியாக எடுப்பவர்களுக்குத்தான் கதை வேறு.

ஷட்டரை அழுத்தியதும் படம் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. கேமராவுக்குள் பஃபர் என்ற தற்காலிக நினைவகம் இருக்கிறது, முதலில் அங்கே விழும். அங்கிருந்து கார்டுக்கு வடியும். மேலே குழாய் திறந்து, கீழே வடிகால் உள்ள தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வடிகால் சிறியதாக இருந்தால் தொட்டி நிரம்பிவிடும், அப்போது கேமரா தடுமாறும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் மூலப் படம்) 30 மெகாபைட், கேமரா நொடிக்கு 10 படம் எடுக்கிறது, பஃபரில் 1,200 மெகாபைட் இடம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 300 மெகாபைட் உள்ளே வருகிறது. யூஎச்எஸ்-1 கார்டு நிஜத்தில் நொடிக்கு 80 எழுதுகிறது என்றால் பஃபரில் நொடிக்கு 220 தேங்கும், ஐந்தரை நொடியில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு கேமரா நொடிக்கு இரண்டு மூன்று படம் என்று திணறும். விரலை எடுத்துவிட்டாலும் எல்லாம் எழுதி முடிய 15 நொடி ஆகும். அதே இடத்தில் நொடிக்கு 250 எழுதும் யூஎச்எஸ்-2 கார்டு இருந்தால் தேங்குவது 50 மட்டும். நிரம்ப 24 நொடி ஆகும், காலியாக 5 நொடிகூட ஆகாது. 700 எழுதும் சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்றால் தொட்டி நிரம்பவே நிரம்பாது.

இந்தக் கணக்கில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது அந்த 15 நொடி. எத்தனை படம் தொடர்ந்து எடுக்கலாம் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். எடுத்து முடித்த பிறகு கேமரா எப்போது மறுபடி முழு வேகத்துக்குத் தயாராகும் என்பதைப் பார்ப்பதில்லை. முதல் பறவை பறந்துபோய் இரண்டாவது பறவை கிளம்பும் நேரத்தில் பஃபர் பாதி நிறைந்தபடி நின்றால் கையில் இருப்பது எவ்வளவு பெரிய கேமராவாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இன்னொன்றும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ரா வேண்டாம், ஜேபெக் போதும் என்றால் ஒரு படம் 10 மெகாபைட் அளவுக்குச் சுருங்கும். வரத்து நொடிக்கு 100 ஆகிவிடும், அந்தப் பழைய கார்டே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் தாங்கும். கார்டு மாற்றுவதற்கு முன்னால் இதையும் யோசித்துப் பாருங்கள்.

வீடியோவுக்கு வேறு கணக்கு

ஃபோட்டோவில் கார்டு தாமதித்தால் பஃபர் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். வீடியோவில் அப்படியில்லை, ஒவ்வொரு நொடியும் அந்த நொடியின் அளவு எழுதப்பட்டே ஆக வேண்டும். எழுத முடியாவிட்டால் பதிவு பாதியில் நின்றுவிடும். அதனால் வீடியோ எடுப்பவர் உச்ச வேகத்தை மறந்துவிட்டு வி எண்ணை மட்டும் பார்த்தால் போதும்.

கேமராவின் மெனுவில் பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு பதிவாகிறது என்ற அளவு) 100, 200, 400 என்று எம்பிபிஎஸ் கணக்கில் இருக்கும். அது மெகாபிட். கார்டில் இருப்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் மெனுவில் உள்ள எண்ணை எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 100 என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், 200 என்றால் 25. இரண்டுக்கும் வி30 தாராளம். 4கே வீடியோ என்றதுமே வி90 வாங்கச் சொல்வார்கள், சாதாரண 4கே பதிவுக்கு அது தேவையே இல்லை. 400 என்றால் 50 மெகாபைட், வி60க்குப் போக வேண்டும். 600 என்றால் 75, அங்கேதான் வி90க்கு வேலை வருகிறது. அதற்கும் மேலே எஸ்டி கார்டு கைவிட்டுவிடும். கேனன் ஆர்5 கேமராவின் 8கே ரா வீடியோ சுமார் 2,600 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 325 மெகாபைட். அந்தக் கேமராவில் எஸ்டி ஸ்லாட்டும் இருக்கிறது, ஆனால் இந்தப் பதிவு சிஎஃப் எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் மட்டுமே நடக்கும்.

சிஎஃப் எக்ஸ்பிரஸ் வாங்குபவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். சில கார்டுகள் முதல் சில ஜிபி வரை அசுர வேகத்தில் எழுதிவிட்டு அப்புறம் சட்டென்று இறங்கிவிடும். உறையில் இருப்பது அந்த ஆரம்ப வேகம். 'தொடர் எழுதும் வேகம்' என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். விபிஜி 200, விபிஜி 400 என்ற முத்திரை இருந்தால் அந்த அளவுக்குக் கீழே போகாது என்று அர்த்தம். 2023இல் வந்த 4.0 தலைமுறைக் கார்டை 2.0 கேமராவிலும் போடலாம், கேமராவின் வேகத்துக்குத்தான் ஓடும்.

எத்தனை ஜிபி?

64 ஜிபி கார்டில் 30 மெகாபைட் ரா படங்கள் சுமார் 2,100 பிடிக்கும். 100 எம்பிபிஎஸ் 4கே வீடியோ என்றால் சுமார் 85 நிமிடம். கம்ப்யூட்டரில் போட்டால் 59.6 ஜிபிதான் காட்டுகிறதே என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

ஒரே பெரிய கார்டா, இரண்டு சின்னக் கார்டா என்று கேட்டால் என் ஓட்டு இரண்டுக்குத்தான். கார்டு தொலையும், பழுதாகும். எல்லாப் படமும் ஒரே கார்டில் இருக்க வேண்டியதில்லை. கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுதும்படி வைத்துக்கொள்ளலாம். மறுபடி எடுக்க முடியாத நிகழ்ச்சிக்கு அப்படித்தான் வைக்க வேண்டும். ஆனால் அப்படி வைக்கும்போது இரண்டு கார்டில் எது மெதுவானதோ அதன் வேகத்துக்குத்தான் கேமரா இறங்கி வரும். ஒரு ஸ்லாட்டில் விலையுயர்ந்த கார்டும் மற்றதில் பழைய கார்டும் போட்டுவிட்டு 'ஏன் பஃபர் நிரம்புகிறது' என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய.

வாங்கிய பிறகு

பிரபலமான பெயர்களில் போலிக் கார்டுகள் ஏராளம். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், கம்ப்யூட்டரில் போட்டால் 128 என்று காட்டும்படி மாற்றி வைத்திருப்பார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், அதற்கு மேல் எழுதியது எதுவும் மிஞ்சாது. அதனால் கார்டு வந்த அன்றே, முக்கியமான எதையும் எடுப்பதற்கு முன்பே, எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதி, திரும்பப் படித்துச் சோதித்துவிடுங்கள். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். ஒரு விசேஷத்தின் நடுவில் தெரிவதைவிட இது எவ்வளவோ மேல். எழுதும் வேகம் எவ்வளவு என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும்.

சோதனை முடிந்ததும் எந்தக் கேமராவில் போடப் போகிறீர்களோ அந்தக் கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஒவ்வொரு கேமராவும் தனக்கு வேண்டிய ஃபோல்டர்களைத் தன் வசதிக்கு உருவாக்கிக்கொள்ளும். படங்களை வேறு இரண்டு இடங்களில் சேமித்த பிறகு, அடுத்த முறை கிளம்புவதற்கு முன் மறுபடியும் இதே மாதிரி ஃபார்மேட். ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டிருப்பதைவிட இதுதான் சுத்தம்.

கார்டு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், பஃபரில் இருப்பது இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. கேமரா எழுத மறுத்தால் எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாள் கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செருகும்போது அது தானாகவே நகர்ந்துவிடுவது உண்டு.

தவறிப்போய்ப் படங்களை அழித்துவிட்டாலோ ஃபார்மேட் செய்துவிட்டாலோ அந்தக் கார்டில் அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்யும்போது பெரும்பாலான கேமராக்கள் ஃபைல்களின் பட்டியலைத்தான் அழிக்கின்றன. மேலே புதிதாக எழுதாத வரை மீட்பு மென்பொருளால் அந்தப் படங்களில் பெரும்பகுதியை எடுத்துவிட வாய்ப்பிருக்கிறது.